ஐந்தாம் பாலிகை

மாடி மாமியிடம் ஏதாவது கேட்கப் போகிறவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் போவது நல்லது என்று எங்கள் கட்டடத்தில் சொல்வார்கள். பதில் அவ்வளவு நீளமாக இருக்கும். நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சுவரில் சாய்ந்து நின்று கேட்டுவிடலாம். அந்தப் பதிலில் ஒரு வார்த்தைகூடப் பொய் இருக்காது என்பதைத்தான் ஜனங்களால் தாங்க முடியவில்லை.

பம்பாய்ச் செம்பூரில் மூன்று மாடிக் கட்டடம் அது. அறுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் இரண்டாம் மாடி, அவள் எங்களுக்கு நேர் மேலே. டவுனில் ஒரு காலேஜில் தாவரவியல் லாபரட்டரியில் வேலை. கணவர் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. நெற்றியில் பொட்டு கிடையாது. ஆனால் புடவை மட்டும் கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும். "நாள் பூரா பூவைப் பார்த்துண்டு உக்காந்திருக்கேன், வெளிறின புடவை கட்டத் தோணவே மாட்டேங்கறதே" என்பாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இன்னும் நீண்டிருக்கும்.

கீழ் வீட்டில் குழந்தை பிறந்தபோது எல்லாரும் போய்ப் பார்த்தோம். பெற்றவள் ஆசையாக, "யார் ஜாடை மாமி?" என்று கேட்டுவிட்டாள். நாங்கள் எல்லாரும் அப்பா மாதிரி, அம்மா மாதிரி என்று ஏதோ சொல்லி ஒப்பேற்றியிருந்தோம். மாடி மாமி குழந்தையை ஜன்னலோரம் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூக்கு அப்பாவுது. விரல் உன்னுது. இந்தக் காதுதான் யாருதுன்னு தெரியலை. உங்க ரெண்டு பேர் ஆத்துலயும் இப்படி ஒட்டின காதை நான் பார்த்ததே இல்லையே" என்றாள். அந்த வீட்டில் அன்று சாயங்காலம் வரைக்கும் யாரும் யாருடனும் பேசவில்லை. மாமிக்கும் தூக்கம் இல்லை. இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களின் பழைய போட்டோக்களையும் கேட்டு வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கடைசியில் பாலக்காட்டுக் கொள்ளுத்தாத்தா ஒருவரிடம் அந்தக் காதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். போட்டோவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் அவள் இறங்கி வந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

தெருவில் தக்காளி விற்கும் பையா, வடக்கத்திக்காரன், அவளிடம் ஒரு தடவை மாட்டிக்கொண்டான். கூட்டம் சேரட்டும் என்று, "மாமி, மேரா டமாட்டர் அச்சா ஹை நா?" என்று தன் தக்காளிக்கு நற்சாட்சி கேட்டான். மாமி குனிந்து பார்த்தாள். மேலே இருப்பது அச்சா, அடியில் இருப்பது முந்தாநாள் சரக்கு என்று தன்னுடைய உடைசல் இந்தியில், தெருவே கேட்கும்படி சொன்னாள். அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுநாளிலிருந்து அவளுக்கு மட்டும் தனியாகப் பொறுக்கி எடுத்து வைத்தான். இவளை ஏமாற்ற முடியாது என்பதில் அவனுக்கு ஒரு மரியாதை.

எனக்கு அவளால் ஒரு கல்யாணம் நின்றுபோனது. ஜாதகம் பொருந்தி, அநேகமாக முடிந்த இடம். பிள்ளையின் அப்பா படியேறி வரும்போது நடுவழியில் மாமியைப் பார்த்து, "இந்தாத்துப் பொண்ணு எப்படி? கோவம் வருமா?" என்று விசாரித்திருக்கிறார். "வரும். நன்னா வரும். போன வாரம்கூட டப்பாவை விட்டெறிஞ்சா. ஆனா அரை மணியில அடங்கிடும், அப்புறம் தானே வந்து பேசுவா. மனசு சுத்தம்" என்று மாமி சொல்லியிருக்கிறாள். அவர் டப்பாவோடு நின்றுவிட்டார். மேலே ஏறவேயில்லை. அம்மா ஒரு மாசம் மாடி மாமியோடு பேசவில்லை. நான் மட்டும் அன்றைக்கே போய் அவள் கையால் காபி வாங்கிக் குடித்தேன். "தப்பா சொல்லிட்டேனாடி?" என்று கேட்டாள். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. டப்பாவை நான்தான் எறிந்தேன்.

அவளுடைய கேலரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பம்பாயில் பால்கனிக்கு அதுதான் பேர். மற்றவர்கள் கேலரியில் துணி காயும், பழைய டிரங்குப் பெட்டி இருக்கும். அவள் கேலரியில் கால் வைக்க இடம் இருக்காது, அத்தனையும் தொட்டி. காசித்தும்பை இருந்தது, ஆனால் நாம் பார்க்கிற காசித்தும்பை இல்லை. இலை தடித்து, தொட்டால் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். பூ ஒவ்வொன்றும் இரண்டு பூ அளவு. இது என்ன மாமி என்று கேட்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, அடுப்பும் அணைந்திருந்தது.

"நமக்கு அம்மா கிட்டேர்ந்து ஒரு செட்டு குரோமோசோம், அப்பா கிட்டேர்ந்து ஒரு செட்டு. செடிக்கும் அப்படித்தான். செல்லு ரெண்டாப் பிரியறச்சே முதல்ல எல்லாத்தையும் ரெட்டிச்சு வெச்சுக்கும், அப்புறம் நடுவுல சுவர் எழும்பும். ஒரு மருந்து இருக்கு, அதைக் காட்டினா ரெட்டிக்கறது ரெட்டிச்சுடும், சுவர் மட்டும் எழும்பாது. அண்ணா தம்பி பாகம் பிரியறதுக்காக எல்லாச் சாமானையும் ரெண்டு ரெண்டா வாங்கி வெச்சுட்டு, கடைசியில பிரியாமலே ஒரே ஆத்துல இருந்துட்டா எப்படி இருக்கும்? அப்படி. ரெண்டு செட்டு இருந்த இடத்துல நாலு செட்டு. இடம் பத்தாம செல்லே பெருத்துடும்."

"அது நோய் இல்லையோ?"

"கூட இருந்தா அது குறையாடி?" என்று சிரித்தாள். பிறகு, அவள் வழக்கப்படி, பாதியோடு நிறுத்த மனசு வராமல், "சில செடிக்குக் குறைதான். செத்தே போயிடும்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அந்த மருந்து நம் ஊர் வேலியில் பூக்கிற செங்காந்தளின் கிழங்கில் இருக்கிற விஷம்தான் என்று அவள்தான் சொன்னாள். லேசில் கிடைக்காது. காலேஜுக்கு வருவதே சின்ன பாட்டிலில்தான் வரும். கோடை விடுமுறையில் காலேஜைப் பூட்டிவிடுவார்கள். மறுபடி திறக்கிற வரை விதை காத்திருக்காது. அதனால் காலேஜில் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு வீட்டில் வைத்துச் செய்வாள். சமையல் பாத்திரம் பக்கம் கொண்டு வரமாட்டாள். தனிக் கிண்ணம், தனிப் பலகை. கிண்ணத்தைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருப்பாள். லாபரட்டரியில் சிவப்பு என்றால் தொடாதே என்று அர்த்தம்.

அப்படி ஒரு கோடையில் எனக்கு வேறோர் இடத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாட்டுங்காவில் பிள்ளை வீடு. பெண் பார்க்க வந்த அன்று நான் கேசரிக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டேன். ஒவ்வொருவராக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார்கள். பிள்ளை மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. இது தட்டிப்போனால் இன்னொருவர் முன்னால் புடவை கட்டிக்கொண்டு நிற்க மாட்டேன் என்று மனசுக்குள் தீர்மானித்துவிட்டேன்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பே பாலிகை தெளித்துவிடுவார்கள். ஐந்து மண் கிண்ணத்தில் ஊறவைத்த தானியத்தைப் போட்டு, சுமங்கலிகள் தண்ணீரும் பாலும் தெளிப்பார்கள். கல்யாணத்தன்று மண்டபத்திலும் தெளிப்பது உண்டு. முளை எவ்வளவு நன்றாக வருகிறதோ அவ்வளவு நன்றாகக் குடும்பம் தழைக்கும் என்று நம்பிக்கை. மாடி மாமி போன்றவர்களுக்கு அதில் இடம் கிடையாது. அவளும் அதை எதிர்பார்த்து வந்து நிற்க மாட்டாள்.

தானியம் ஊறவைக்கும் பொறுப்பு ஊரிலிருந்து வந்த என் சித்திக்கு. அவள் ஊர் அளவுக்கு ஊறவைத்துவிட்டாள். கிண்ணங்களோ தாராவிக் குயவர்களிடம் வாங்கியவை, ஊர்க் கிண்ணத்தைவிட நல்ல அகலம். நாலு கிண்ணத்தோடு தானியம் தீர்ந்துபோயிற்று. சாஸ்திரிகளுக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம். சித்தி வெங்கலக் கிண்ணி ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

எங்கள் கட்டடத்தில் பகல் வேளையில் யார் வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. உறைமோரோ காபிப் பொடியோ வேண்டுமென்றால் உள்ளே போய் எடுத்துக்கொண்டு, காலிப் பாத்திரத்தை அங்கேயே கவிழ்த்துவிட்டு வரலாம். வீட்டுக்காரி வந்து பாத்திரத்தில் வெட்டியிருக்கிற பேரைப் பார்த்து யார் எடுத்தது என்று தெரிந்துகொள்வாள். மாடி மாமி போஸ்ட் ஆபீஸ் போயிருந்தாள். பலகையில் ஒரு கிண்ணம் நிறையப் பாசிப்பயறு, பதமாக ஊறி, மூக்கு வெடித்து நின்றது. அதைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன். சித்திக்கு லாபரட்டரி வழக்கம் எங்கே தெரியும்? சிவப்பு கட்டித் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்களே, பூஜைக்கு மடியாக வைத்தது போலிருக்கிறது என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு பிடி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். எங்கள் கிண்ணியைக் கவிழ்த்து வைக்கவும் மறக்கவில்லை.

அரை மணி கழித்து மாடி மாமி அந்தக் கிண்ணியோடு படியில் இறங்கி ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"யார் சாப்பிட்டேள்? உள்ளதைச் சொல்லுங்கோ. குழந்தைகளுக்குக் குடுத்தேளா?"

"யாரும் சாப்பிடலை மாமி" என்றாள் சித்தி. "பாலிகையில போட்டுட்டேன்."

மாமி நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சித்தியின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, முந்தானையையும் நனைக்கச் சொன்னாள். மூச்சு சீராக வந்த பிறகு அவள் கேட்ட அடுத்த கேள்வி, "எத்தனை போட்டேள்? ஆழமாப் போட்டேளா, மேலாகவா?"

அம்மாவுக்கு விஷயம் புரிய அவ்வளவு நேரம் ஆனது. புரிந்ததும் மாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். விதை போனதற்காக இல்லை. அது யாருடைய விதை என்பதற்காக. "பிள்ளையாத்துக்காராளுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். தயவுபண்ணி யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ."

மாமி யோசித்தாள். "நானா போய்ச் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா யாராவது கேட்டா?"

அன்று முதல் வீட்டில் ஒவ்வொருவரும் சாமியிடம் வேண்டிக்கொண்டது ஒன்றுதான், யாரும் அவளைக் கேட்டுவிடக் கூடாது. அவளோ தினமும் காலையில் இறங்கி வந்து, உள்ளே வராமல், வாசற்படியில் நின்றபடி கழுத்தை நீட்டி ஐந்தாவது கிண்ணத்தைப் பார்ப்பாள். நாலு கிண்ணத்தில் முளை வெள்ளையும் மஞ்சளுமாக நெடுநெடுவென்று எழுந்தது. ஐந்தாவதில் பயறு மண்ணைப் பிளந்துகொண்டு வந்து, விரல்கடை உயரத்தில் நின்றுவிட்டது. தண்டு ஒவ்வொன்றும் வீங்கி உருண்டிருந்தது. இலை சுருங்கிக் கிடந்தது. அம்மா அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அதே முளையைப் பார்த்து வாசற்படியில் மாடி மாமிக்கு முகமெல்லாம் மலர்ந்துபோகும். ஏற்கெனவே இரண்டு தடவை அவளுக்கு ஒன்றுகூட முளைக்காமல் போயிருந்ததாம்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், சாமான் கொண்டு வந்து வைக்கிற சாக்கில், பிள்ளையின் அம்மாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை என்றால் பிள்ளையின் அப்பாவுக்குத் தங்கை. வந்தவுடன் பாலிகையைப் பார்க்க வேண்டும் என்றாள். நான் உள்ளறையில், பின்னிக்கொண்டிருந்த தலையோடு, கதவிடுக்கில் நின்றேன்.

"இது என்ன, வீங்கிப்போய் நிக்கறது?"

"வெயில் படலை போல இருக்கு" என்றாள் அம்மா.

"மத்த நாலும் இதே இடத்துலதானே இருக்கு?" அத்தை திரும்பினாள். "மன்னி, இதைப் பாருங்கோ. பாலிகை இப்படிக் குன்றிப்போனா என்ன அர்த்தம்னு நான் சொல்லணுமா? யோசிச்சுக்கோங்கோ. இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மேல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்போதுதான் அத்தையின் கண் வாசற்படிக்குப் போனது. அங்கே கிளிப்பச்சைப் புடவையில் மாடி மாமி கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்க யாரு?"

"மாடில இருக்கேன்."

அதோடு விட்டிருக்கலாம். "நீங்களே சொல்லுங்கோ, இது நல்ல விதைதானா?" என்றாள் அத்தை.

கேட்டுவிட்டாள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ரொம்ப நல்ல விதை" என்றாள் மாமி. "என்னுது."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்பு ரிப்பன், சித்தி, விஷம் எதையும் விடவில்லை. விஷம் என்றபோது அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். குரோமோசோம், பாகம் பிரியாத அண்ணா தம்பி, இரண்டு செட்டு நாலு செட்டானது. "கூட இருக்கறதால வந்த வீக்கம் மாமி இது, குறையினால வந்தது இல்லை. நீங்க மண்டபத்து வாசல்ல கட்டப் போறேளே வாழை, அதுக்கும் ஒரு செட்டு கூடத்தான். ரெண்டுக்குப் பதிலா மூணு."

அம்மா கண்ணைத் திறந்தாள். நல்ல வார்த்தை. இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம்.

"அதனாலதான் வாழைக்கு விதையே கிடையாது" என்று முடித்தாள் மாமி.

அத்தை தன் மன்னியின் முழங்கையைப் பிடித்தாள். "கேட்டேளா? அவா வாயாலேயே சொல்றா. அதுவும் யார் வாயால." அவள் பார்வை மாமியின் வெறும் நெற்றியில் நின்றது. ஓடிப்போய் மாமியின் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அதே நேரத்தில் அவள் வாயைப் பொத்த வேண்டும் போலவும் இருந்தது.

பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார். மாடி மாமியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது காய்க்குமா?"

காய்க்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா, அப்பா, சித்தி, கதவுக்குப் பின்னால் நான், எல்லாரும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தோம். மாமி ஐந்தாவது கிண்ணத்தைப் பார்த்து யோசித்தாள்.

"நிச்சயமா சொல்ல முடியலை" என்றாள். "இதுல பாதி செத்துப்போகும். பிழைக்கறது ரொம்ப மெதுவா வளரும். மத்ததெல்லாம் பூத்துக் காய்ச்சு முடிஞ்சப்புறம்தான் இது பூக்கவே ஆரம்பிக்கும். காயும் கொஞ்சமாத்தான் வரும். சிலது காய்க்காமலே போகவும் போகும். காய்ச்சா, விதை ஒவ்வொண்ணும் நன்னா பெருசா இருக்கும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

சித்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"நாளாகுங்கறேள்" என்றார் பிள்ளையின் அம்மா.

"ஆகும்."

"ஆகாமலும் போகலாம்."

"போகலாம்."

அவர் தன் நாத்தனாரின் கையை முழங்கையிலிருந்து எடுத்துவிட்டார். "எனக்குக் கல்யாணமாகிப் பன்னண்டு வருஷம் கழிச்சுத்தான் இவன் பிறந்தான். ஒண்ணே ஒண்ணு" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நடுவுல உங்கண்ணாவுக்கு வேற பொண்ணு பார்க்கலாம்னு உங்காத்துல பேச்சு நடந்துது. பேச்சை எடுத்தது யாருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அத்தை பட்சணத் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தாள். கடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பன்னண்டு வருஷமும் டாக்டர்லேர்ந்து ஜோசியர் வரைக்கும் எல்லாரும் எங்கிட்ட அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னே சொன்னா. ஒருத்தராவது, தெரியலைம்மா, ஆகலாம் ஆகாமலும் போகலாம்னு உள்ளதைச் சொல்லியிருந்தா நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன்." அவர் பாலிகைக்குப் பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து, வாசற்படி வரைக்கும் நடந்துபோய், மாடி மாமியிடம் நீட்டினார். "உள்ள வாங்கோ. நீங்க தெளிங்கோ."

மாமி செம்பை வாங்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். மாமி உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, முதல் கிண்ணத்துக்குத் தெளித்தாள். இரண்டாவதுக்கு, மூன்றாவதுக்கு, நாலாவதுக்கு. ஐந்தாவதுக்கு வந்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுக்கு?" என்று கேட்டார் என் மாமியார்.

"இதுக்கு இன்னிக்குக் கூடாது. வேர் இன்னும் சரியா இறங்கலை. இப்ப தண்ணி விட்டா அழுகிடும். நாளைக்குப் பார்த்துத்தான் தெளிக்கணும்."

"அப்போ நாளைக்கும் நீங்களே வந்து தெளிங்கோ" என்றார் அவர். "நாளன்னிக்கு மண்டபத்துலயும் நீங்கதான்."